பாறசாலைப் பக்கம் நம் சாப்பாடு எங்கே?

மத்தியானம் மணி ஒன்று. அமரவிளைக்குத் தெற்கே, பெரிய ரோட்டை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் வேலை நின்றது. சாரத்திலிருந்து இறங்கிய கொத்தனார் ஒருவர் கை கால் கழுவிக்கொண்டு நேரே சாயாக் கடைக்குப் போனார். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அப்பம் இரண்டு, ஒரு சாயா. அதோடு அவருடைய மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

"சோறு சாப்பிடவில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இங்க என்ன சோறு கிடைக்கு? பருக்கை ஒவ்வொண்ணும் இந்தாத் தண்டி, சிவப்பா. குழம்பைத் திறந்தா தேங்காயெண்ணெய் வாடை. குடிக்கிற தண்ணியைக்கூட ரோஸ் கலர்ல கொதிக்கக் கொதிக்க வைக்கான். ஊருக்குப் போனா சாப்பிட்டுக்கிடலாம்" என்றார் அவர்.

அவருக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போவது மாதத்துக்கு ஒரு முறை. அப்படியானால் மாதத்தில் 28 நாள் அந்த மனிதர் வயிறாரச் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம்! சுமை தூக்கிச் சாரம் ஏறுகிறவர் உடம்பு இதை எத்தனை நாள் தாங்கும்?

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நெய்யாற்றின்கரைக்கு நான் குமாஸ்தாவாக வந்த முதல் வருஷம் இதே கதைதான். ஓட்டல் சோற்றைக் கண்டால் முகத்தைச் சுளிப்பேன். காலையில் சாயா, மத்தியானம் பன், இரவில் இரண்டு பரோட்டா. ஆறு மாதத்தில் வயிற்றுவலி வந்து படுத்தேன். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். அதைவிட முக்கியமாக, "நேரத்துக்குச் சோறு சாப்பிடும் வழியைப் பார்" என்று சொன்னார். அந்த வழியைத் தேடி அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் அன்பர்களுக்கு உதவக்கூடும்.

ஒரே அடுப்பு

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வந்தால் பலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை. அதைத் தாண்டினால் களியக்காவிளை; அது தமிழ்நாடு. தலைநகரிலிருந்து எல்லை வரை மொத்தமே 30 கிலோமீட்டர் சொச்சம். இந்த எல்லைக் கோடு 1956 நவம்பர் 1-ஆம் தேதி போடப்பட்டது. அதற்கு முன் இருபுறமும் ஒரே திருவிதாங்கூர்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் ஊர்களைப் பிரித்தார்களே தவிர, அடுப்பைப் பிரிக்க முடியவில்லை.

ஆகவே, "இங்கே நம் சாப்பாடு கிடைக்காது" என்று சொல்வது பாதிதான் உண்மை. மதுரையிலும் சேலத்திலும் சாப்பிட்ட சாப்பாடு அப்படியே இங்கே கிடைக்காது என்பது சரி. ஆனால் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டில் சமைப்பது எதுவோ, ஏறக்குறைய அதுவேதான் பாறசாலையிலும் வேகிறது. அதுவும் தமிழ்ச் சமையல்தானே! நமக்குப் பழக்கமில்லாத தமிழ்ச் சமையல், அவ்வளவே.

வேலை தேடி இந்தப் பக்கம் வந்த தமிழர்களில் நாம் முதல் ஆளும் அல்ல. பலராமபுரத்துக் கைத்தறி வேட்டிக்கு இன்று ஊர் உலகமெல்லாம் பெயர். அந்தத் தறிகளை நாட்டியவர்கள், பலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்கள். அவர்களும் ஒரு காலத்தில் புது ஊர்ச் சோற்றை முதன்முதலாக வாயில் வைத்தவர்கள்தாம்.

சோறு, வெள்ளம், கறி

நம் ஆட்கள் ஓட்டலில் தடுமாறுவதில் பாதி பேச்சினால் வருவது. மரியாதையாகக் கேட்பதாக எண்ணிக்கொண்டு "சாதம் போடுங்கள்" என்கிறோம். பரிமாறுகிறவர் விழிக்கிறார். இங்கே "சோறு" என்றே கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு "ஊண்" என்று பெயர். கடை வாசலில் "ஊணு ரெடி" என்று பலகை தொங்கினால் இலைச் சாப்பாடு தயார் என்று பொருள். சோறும் ஊணும் நம் பழைய சொற்கள். நாம் நாகரிகம் கருதி ஒதுக்கியதை இவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். குடிதண்ணீரைத்தான் கேட்கிறார்கள். "கறி" என்றால் ஆட்டுக்கறி அல்ல. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் கறிதான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இந்த ஒரு சொல்லைக் கேட்டு எழுந்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்! பொரியலுக்குத் தோரன் என்று பெயர். குமரி மாவட்டத்தார் துவரன் என்பார்கள். துவையல் மாதிரி கெட்டியாக வருவது சம்மந்தி. அப்பளம் பப்படம். பால் இல்லாத டீ கட்டன் சாயா.

கடைக்காரரைக் கூப்பிடுவதற்கும் தயங்க வேண்டாம். கேரளம் முழுக்கச் "சேட்டன்" என்றாலும் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே "அண்ணன்" என்பதுதான் சகஜமான அழைப்பு. "அண்ணா, கொஞ்சம் சோறு" என்றால் முகம் மலர்ந்து போடுவார்கள்.

அந்த ரோஸ் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த நிறம் வரும். சாயம் கலப்பதல்ல. வெளியூரில் நாம் முதலில் பயப்பட வேண்டியது பச்சைத் தண்ணீருக்குத்தான். கொதித்த தண்ணீர் நல்லது. ஆனால் சில கடைகளில் கொதித்த தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றி வைப்பதுண்டு. ஆவி பறக்க வருகிறதா என்று பார்த்துக் குடியுங்கள்.

இலையில் வருவது என்ன?

சிவந்த பருக்கை சம்பா அரிசி. நெல்லைப் புழுக்கி, தவிடு முழுவதும் போகாமல் குத்துவதால் அந்த நிறம். தவிட்டோடு நார்ச்சத்தும் தங்குவதால் மெல்லச் செரிக்கும். காலையில் இருந்து மாலை வரை கல்லும் மண்ணும் சுமக்கிறவர்களுக்கு இது வெள்ளை அரிசியைவிட நெடுநேரம் பசி தாங்கும். முதல் வாரம் தொண்டையில் நிற்பதுபோல் இருக்கும். மூன்றாவது வாரம் வெள்ளைச் சோறு சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரியே இராது. குழைவாக வேண்டுமென்பவர்கள் சில ஓட்டல்களில் கிடைக்கும் "பச்சரிச் சோறு" கேட்டு வாங்கலாம்.

நமக்கு முதலில் சாம்பார். இங்கே முதலில் கெட்டிப் பருப்பும் நெய்யும். அதில் பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து சாப்பிட்ட பிறகு சாம்பார். பின்னால் புளிசேரி, ரசம், மோர் வரும். இந்த வரிசை தெரியாமல், பருப்பு வந்ததுமே "இவ்வளவுதானா?" என்று பாதிச் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தவர்கள் பலர். பொறுத்திருங்கள், ஒவ்வொன்றாக வரும்.

வடகேரளத்தில் சாம்பாருக்குத் தேங்காயை வறுத்து அரைப்பார்கள். தெற்கே அந்த வழக்கம் குறைவு. ஆகவே இந்தப் பகுதிச் சாம்பார் நம்முடையதற்கு நெருங்கிய உறவு. தாளிக்கிற தேங்காயெண்ணெய் ஒன்றுதான் வித்தியாசம். வறுத்த தேங்காயின் ருசி தீயலில் இருக்கிறது. தேங்காயைக் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து அரைத்து, புளி கரைத்து, சின்ன வெங்காயமோ பாகற்காயோ போட்டுக் கொதிக்க விடுவார்கள். வற்றல் குழம்புக்கு ஏங்குகிறவர்களே, தீயல் இருக்கிற கடையைத் தேடுங்கள். பாதி ஏக்கம் தீரும்.

அவியலுக்கு அறிமுகம் தேவையில்லை. திருநெல்வேலிக் கல்யாணப் பந்தியில் இல்லாத அவியலா? கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். இந்தப் பக்கத்துப் பந்தியில் இலையில் போளியைப் போட்டு அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றுவார்கள். போளி நம் ஊர்ப் பண்டம், பாயசம் இவர்களுடையது. இரண்டும் ஒரே இலையில் கலப்பதைப் பார்த்தாலே எல்லைப்புறத்தின் கதை புரியும்.

மாலையில் தட்டுக்கடைகளில் ரசவடை கிடைக்கும். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறப்போட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். நாகர்கோவில் டீக்கடைகளிலும் திருவனந்தபுரத்துத் தட்டுக்கடைகளிலும் இதற்கு ஒரே மவுசு. பனைகள் நிறைந்த பூமி என்பதால் கருப்பட்டிக் காப்பியும் உண்டு. பதநீரை எல்லைக்கு இருபுறமும் அக்கானி என்றே சொல்கிறார்கள். பனையேறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதால் நல்ல கருப்பட்டி கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது. பாசிப்பயற்று மாவையும் கருப்பட்டியையும் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து இரு பக்கத்துக்கும் பொதுப் பலகாரம்.

மரச்சீனி வந்த கதை

"கிழங்கைத் தின்று உயிர் வளர்க்கிறார்கள்" என்று கேலி பேசும் பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அந்தக் கேலிக்குப் பின்னால் இருக்கும் பட்டினியை அவர்கள் அறியமாட்டார்கள்.

மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அப்போது திருவிதாங்கூரில் விளையும் நெல் ஜனங்களுக்குப் போதவில்லை. பர்மாவிலிருந்தும், இன்று தாய்லாந்து எனப்படும் சயாமிலிருந்தும் கப்பலில் அரிசி வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது, பட்டினி வந்தது. ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது மரச்சீனி. அதே யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமற்போனதால்தான் நம் சேலத்திலும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தலையெடுத்தது. 1956-இல் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடும் தமிழ்நாட்டோடு போயிற்று. 1960களிலும் 70களிலும் மாநில எல்லை தாண்டி அரிசி கொண்டுபோவதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த நாட்களில் பாறசாலை வீட்டு அடுப்பில் என்ன வெந்திருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்திய அரசு கிழங்குகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. கிழங்கு இங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

அரிசியும் தேங்காயும் மீனும் மிளகாயும் தாய்லாந்துக்காரர்களுக்கும் அன்றாட உணவு. அந்த நாட்டுச் சாப்பாடு பெருநகரங்களில் பெரிய விலைக்கு விற்கிறது. வசதியுள்ளவர்கள் கார் ஏறித் தேடிப் போகிறார்கள். நமக்கு அதே சாமான்கள் தட்டுக்கடையிலேயே கிடைக்கின்றன. அவித்த மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் போதும்! கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. மீன் அந்தக் குறையைத் தீர்க்கிறது. மீன் சாப்பிடாதவர்கள் பயறு சேர்த்துக்கொள்ளலாம்.

அறையில் அவிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மரச்சீனியில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. தோலை நன்றாக உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கைத் தின்னவே கூடாது. இங்கத்துக் கிழவிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நமக்குத்தான் தெரியாது.

கடை தேடும் விதம்

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டாம். மத்தியானம் 12 மணிக்குச் சுமட்டுத் தொழிலாளிகளும் பஸ் டிரைவர்களும் எந்தக் கடையில் நுழைகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் தினம் சாப்பிடுகிறவர்கள். ஒரு நாள் சோறு கெட்டாலும் மறுநாள் வரமாட்டார்கள். இரண்டு மணிக்குள் சோறு தீர்ந்துவிடுகிற கடை நல்ல கடை. ராத்திரி வரை சோறு இருக்கிற கடையில் சற்று ஜாக்கிரதை.

வீட்டோடு சேர்ந்த சின்னக் கஞ்சிக் கடைகளை அலட்சியம் செய்ய வேண்டாம். கஞ்சி, பயறு, சம்மந்தி, ஒரு பப்படம். வயிற்றுக்கு இதைவிட இதமானது எது? குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய ஓட்டல்களையும் விசாரித்துப் பாருங்கள். 2020-இல் 20 ரூபாய்க்கு ஊண் தருவதாகத் தொடங்கியவை இவை. 2023-இல் அரசு மானியம் நின்றபின் விலை ஏறினாலும், மற்றக் கடைகளைவிட மலிவாகவே சாப்பிடலாம்.

நாலைந்து பேர் ஒரே அறையில் இருந்தால் சேர்ந்து சமைப்பதே உத்தமம். சாம்பார்ப் பொடி, நல்லெண்ணெய், இட்லி அரிசி ஆகியவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ போய் வரலாம். வடக்கே போனால் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் இருக்கிறார்கள்; நம் சாமான்கள் எல்லாம் கிடைக்கும். 1979-இல் ரயில் வந்தபின் பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் நாகர்கோவில் போவதும் சிரமமில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு வசதியும் உண்டு. "ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை" ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமை அட்டைக்காரரோ அந்தியோதயா அட்டைக்காரரோ ஆனால், ஆதார் எண் இணைக்கப்பட்டிருந்தால், கேரளத்து ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து உங்கள் பங்கு அரிசியை வாங்கலாம். உங்கள் பங்கை இங்கே எடுத்துக்கொண்டு, வீட்டார் பங்கை அவர்கள் ஊரில் எடுக்கலாம். முன்னுரிமை இல்லாத அட்டைகளுக்கு இந்த வசதி கிடையாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அட்டை எந்த வகை என்று பார்த்து வாருங்கள்.

"மக்களே, கொஞ்சம் சோறு..."

என் வயிற்றுவலிக்கு மருந்து கிடைத்த இடத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த திண்ணைக் கடை. ஒரு அம்மாள் தனியாக நடத்திவந்தார். முதல் நாள் நான் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "மக்களே, ஊரு எங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தமக்கென்று வைத்திருந்த தீயலை ஒரு கரண்டி கொண்டுவந்து ஊற்றினார். "இதுகூட்டித் தின்னு பாரு. தின்னாத்தானே வேலை செய்ய ஒக்கும்?" என்றார். அது தமிழா மலையாளமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கியது. அன்று முதல் நான்கு வருஷம் அந்தத் திண்ணையில்தான் சாப்பிட்டேன். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோதும் இலை போடாமல் இருந்ததில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த அம்மாளும் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்துக் கொத்தனாரை மறுநாள் வற்புறுத்தி ஒரு கடைக்கு அழைத்துப்போனேன். வாசலில் சுமட்டுக்காரர்கள் கூட்டம். இலை போட்டார்கள். பருப்பு வந்ததும் எழப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சாம்பார் வந்தது, புளிசேரி வந்தது, கடைசியில் தீயலும் ஒரு கரண்டி கிடைத்தது. பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, அந்த ரோஸ் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தபடி, "எங்க ஆச்சி புளிக்குழம்பு இப்படித்தான் கருப்பா வைப்பா" என்றார்.

மறுநாள் மணி ஒன்றுக்கு நான் போகவில்லை. அவர் தாமாகவே அந்தக் கடைக்குப் போனதாக மேஸ்திரி சொன்னார்.